‘தமிழ்’ என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து? நிரல் கேள்விகளும் குறிச்சொற்களும்

பைத்தான் மொழியில் நிரல் எழுதப் பழகும் ஒருவர், ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று கணினியைக் கேட்கிறார். திரையில் 5 என்று வருகிறது. த, மி, ழ் என்று விரல்விட்டு எண்ணினால் மூன்றுதான். நிரலில் எங்கோ பிழை செய்துவிட்டோம் என்று நினைத்து ஒருமணி நேரம் தேடிச் சலித்த பிறகு, நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் கேட்டுவிடலாம் என்று தலைப்பையும் விவரத்தையும் எழுதி முடிக்கிறார். கடைசியில் ஒரு சிறிய பெட்டி, கேள்வியை வகைப்படுத்தும் குறிச்சொற்களைக் கேட்கிறது. குறைந்தது ஒன்று வேண்டும். ஐந்துக்கு மேல் கூடாது. தமிழ், நீளம், எழுத்து, பிழை, பைத்தான் என்று ஐந்து சொற்கள் அவர் மனத்தில் வருகின்றன.

இந்த ஐந்தில் பதிலைக் கொண்டுவரக்கூடியது கடைசிச் சொல் மட்டுமே. மிகவும் தேவைப்படும் ‘யூனிகோடு’ (உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது அட்டவணை) என்ற சொல் பட்டியலிலேயே இல்லை. அதை எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், பாதி விடை அப்போதே கிடைத்திருக்கும். நிரல் கேள்விகளுக்குக் குறிச்சொல் இடுவதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது: சிக்கல் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று சொல்லும் பொறுப்பு, அதைச் சொல்ல மிகக் குறைந்த தகுதியுடைய நபரிடம், அதாவது விடை தெரியாமல் நிற்பவரிடம், கொடுக்கப்பட்டிருக்கிறது. அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எழுதுபவர் ‘எந்த டாக்டரைப் பார்க்கணும்?’ என்று கேட்பதைப் போன்றது இது. இடது தோள் வலிக்கிறது என்று வந்தவர் எலும்பு மருத்துவர் என்பார். வலி இதயத்திலிருந்து வந்ததாக இருக்கலாம்.

ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி ஆகிய இருவரும் 2008இல் தொடங்கிய அந்தத் தளத்தில், குறிச்சொல் செய்யும் வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிடப் பெரியது. பதில் சொல்லும் பழக்கமுடையவர்கள் எல்லாக் கேள்விகளையும் படிப்பதில்லை. தமக்குத் தெரிந்த சில குறிச்சொற்களைப் பின்தொடர்கிறார்கள், வேண்டாதவற்றை ஒதுக்கி வைக்கிறார்கள். பின்தொடரும் சொல் கேள்வியில் இல்லையென்றால், எவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட கேள்வியும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. தலைப்பில் மொழியின் பெயர் இல்லாவிட்டால், இட்டிருக்கும் குறிச்சொற்களில் மிகுதியாகப் புழங்கும் ஒன்றைத் தளமே எடுத்துப் பக்கத்தின் தலைப்புக்கு முன்னால் ஒட்டிவிடுகிறது. தேடுபொறி வழியாகப் பின்னாளில் வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். இன்னொன்றும் உண்டு. ஒரு குறிச்சொல்லின் கீழ் குறைந்தது 200 பதில்கள் எழுதி, மொத்தம் 1000 மதிப்பெண் பெற்றவருக்கு அந்தச் சொல்லுக்கான தங்கப் பதக்கம் கிடைக்கிறது. அத்தகையவர், ஒரு கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டு விடை சொல்லப்பட்டது என்று கண்டால், மற்றவர்களின் வாக்குக்குக் காத்திராமல் தனியொருவராகவே அதைப் பழைய கேள்வியோடு இணைத்து மூடிவிடலாம். 2014 முதல் உள்ள இந்த அதிகாரம், கேட்டவர் முதலில் இட்ட குறிச்சொற்களை வைத்தே செல்லுபடியாகும். ஆக, பெட்டியில் எந்தச் சொல்லை எழுதுகிறோமோ, அதுவே நம் கேள்வியை யார் படிப்பார், யார் தீர்ப்புச் சொல்வார் என்பதை முடிவு செய்கிறது. அதைக் கேள்வியின் விளக்கமாக எடுத்துக்கொள்பவர்கள் தவறுகிறார்கள். பதில் தெரிந்தவரின் வீட்டு முகவரியாக எடுத்துக்கொள்பவர்களுக்குத் தபால் போய்ச் சேர்கிறது.

குறிச்சொற்களுக்கு முந்தைய காலத்தில் இந்த முகவரி ஒரு மரத்தின் கிளையாக இருந்தது. கணினி வலைப்பின்னல் வழியாக நடந்த பழைய விவாதக் களமான யூஸ்நெட்டின் குழுக்கள் 1980களின் நடுப்பகுதி வரை முறையின்றி வளர்ந்து, 1986–87இல் ‘பெரும் பெயர்மாற்றம்’ என்று அழைக்கப்பட்ட சீரமைப்பில் சில தலைமைப் பிரிவுகளின் கீழ் கொண்டுவரப்பட்டன. கணினி என்ற தலைமைக்குக் கீழே மொழிகள், அதற்குக் கீழே சி மொழி. வேறொரு கிளையில் யூனிக்ஸ். யூனிக்ஸில் ஓடும் சி நிரல் ஒன்று கோப்பைத் திறக்க மறுத்தால் எந்தக் கிளையில் போய் நிற்பது? இரண்டிலும் கேட்டால் ‘ஒரே கேள்வியை ஏன் இரண்டு இடத்தில் போடுகிறாய்’ என்ற வசவு கிடைத்தது. 2003இல் வந்த, இணைய முகவரிகளைச் சேமிக்கும் டெலிசியஸ் தளமும் 2004இல் வந்த, படங்களைப் பகிரும் ஃபிளிக்கர் தளமும், ஒரு பொருளுக்குப் பல சொற்களை ஒட்டலாம், மேல் கீழ் என்ற அடுக்கே வேண்டாம் என்று பழக்கிய பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது. பயனர்களே சொற்களை இட்டு உருவாக்கும் இத்தகைய வகைப்பாட்டுக்குத் தாமஸ் வாண்டர் வால் 2004இல் தனிப் பெயரே சூட்டினார்.

ஆனால் ஒரு பொருளை ஒரே கிளையில் தொங்கவிட முடியாது என்பதை இவர்களுக்கெல்லாம் வெகு காலம் முன்பே சொன்னவர் ஒரு சீர்காழிக்காரர். 1892இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் வகைப்பாட்டில், நூலின் பொருளை ஒரே எண்ணுக்குள் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்து, அவற்றைச் சேர்த்து எழுதும் முறையைக் கொண்டுவந்தார். தனித்தன்மை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று அவர் ஐந்து அடிப்படைகளை வகுத்தார். இதை நிரல் கேள்விக்குப் பொருத்திப் பார்ப்பது என் சொந்த விளையாட்டு என்றாலும் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது: மொழி அல்லது ஆயத்த நிரல்தொகுப்பு தனித்தன்மை; சரம் (எழுத்துத்தொடர்), தேதி, கோப்பு வடிவம் போன்றவை பொருள்; வரிசைப்படுத்துதல், பாகுபடுத்துதல் போன்ற செயல்கள் ஆற்றல்; விண்டோஸோ ஆண்ட்ராய்டோ இடம்; பதிப்பு எண் காலம். இங்கும் ஐந்து, அங்கும் ஐந்து என்பது தற்செயல்தான். ஆனாலும் பெட்டியின் முன்னால் திகைத்து நிற்பவர் இந்த ஐந்து கேள்விகளையும் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டால், விடுபட்ட முகம் எதுவென்று புலப்பட்டுவிடும். எல்லா முகமும் எல்லாக் கேள்விக்கும் தேவைப்படாது என்பதும் அப்போதே தெரியும்.

முகங்களில் மொழிக்கு முதலிடம் ஏன் என்பதற்கு, தொடக்கத்தில் சொன்ன அந்தச் சின்னக் கேள்வியே போதுமான சான்று. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் பைத்தானின் இன்றைய பதிப்பில் 5. யூனிகோடு அட்டவணையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து தனித்தனி இடங்கள் இருப்பதால், பைத்தான் 3 அவற்றை எண்ணுகிறது. அதே சொல்லை, யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் உள்ள கோப்பில் சாதாரணச் சரமாக எழுதிப் பைத்தான் 2இல் ஓட்டினால் விடை 15. தமிழின் ஒவ்வோர் இடமும் அந்தக் குறியேற்றத்தில் மூன்று பைட்டுகளைப் பிடிப்பதும், பழைய பதிப்பு பைட்டுகளை எண்ணியதும் காரணம். கூகுளின் கோ மொழியிலும் நீளம் கேட்டால் இன்றுவரை 15தான். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியோ, மனிதர் ஓர் எழுத்தாகப் பார்ப்பதை ஓர் எழுத்தாகவே எண்ணி, 3 என்கிறது. நான்கில் எதுவும் பிழையில்லை. மொழிக் குறிச்சொல் இல்லாமல் ‘நீளம் ஏன் தப்பாக வருகிறது?’ என்று கேட்டால், சரியான பதில் மூன்று விதமாக இருக்கும். அதில் எதை எழுதுவது என்று தெரியாமல், பதில் சொல்ல வந்தவர் கடந்து போய்விடுவார்.

இதே காரணத்தால்தான் பதிப்பு எண்ணும் சில நேரம் தேவைப்படுகிறது. ஆனால் பைத்தான் 3 என்ற சொல்லை மட்டும் இட்டுவிட்டுப் பொதுவான பைத்தான் என்ற சொல்லை விட்டுவிடுவது தொடர்ந்து நடக்கும் தவறு. பெரும்பாலோர் பின்தொடர்வது பொதுச் சொல்லைத்தான். பதிப்புச் சொல் அதற்குத் துணையாக வர வேண்டுமே தவிர, மாற்றாக வரக்கூடாது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிந்துவிட்ட நிலையில், சிக்கல் உண்மையில் பதிப்பைப் பொறுத்ததாக இருந்தாலொழியப் பதிப்பு எண்ணுக்கு ஓர் இடத்தைச் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பம் தனி வகை. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 1995இல் வெளிவந்தவை. நெட்ஸ்கேப் நிறுவனம் முதலில் மோக்கா, பிறகு லைவ்ஸ்கிரிப்ட் என்று அழைத்த மொழிக்கு, அன்று பரபரப்பாகப் பேசப்பட்ட ஜாவாவின் பெயரை, அதன் உரிமையாளரான சன் நிறுவனத்தோடு சேர்ந்து அந்த ஆண்டு டிசம்பரில் சூட்டியது. அந்த வணிக முடிவின் விலையை இன்றைக்கும் தொடக்கநிலையாளர்கள் தவறான குறிச்சொல் வழியாகச் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். இணையச் செயலிகள் கட்ட உதவும் ஆங்குலரின் கதை இதற்கு நேர் எதிர்: 2010இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ் வேறு, 2016இல் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டு வந்த ஆங்குலர் வேறு, பெயரில் இரண்டெழுத்து வேறுபாடுதான், ஆனால் ஒன்றின் நிரலை மற்றொன்றில் ஓட்ட முடியாது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிக் குறிச்சொல் இருக்கிறது. சி மொழியும் சி பிளஸ் பிளஸ்ஸும் அப்படியே. நினைவகம் கேட்டு வாங்கும் ஒரே வரி, வகைமாற்றம் எழுதாமல் சி மொழியில் தொகுக்கப்படும், சி பிளஸ் பிளஸ்ஸில் தொகுப்பி அதை ஏற்காது. இரண்டு சொல்லையும் சேர்த்துப் போட்டால் இரட்டிப்புப் பேர் பார்ப்பார்கள் என்று கணக்குப் போடுபவருக்கு, ‘உனக்கு எந்த மொழி வேண்டும்?’ என்ற எரிச்சலான முதல் மறுமொழிதான் கிடைக்கும்.

தரவுத்தளக் கேள்விகளில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகப் பலிக்கிறது. எஸ்கியூஎல் என்பது மொழியின் பெயர். அதைப் பேசும் மென்பொருள்கள் ஆளுக்கொரு வட்டார வழக்கு வைத்திருக்கின்றன. முதல் பத்து வரிகளை மட்டும் எடுக்க மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் ‘லிமிட்’ என்று எழுத வேண்டும். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் ‘டாப்’. ஆரக்கிளின் பழைய பதிப்புகளில் வரிசை எண்ணை வைத்துச் சுற்றிவளைக்க வேண்டும். எஸ்கியூஎல் என்ற குறிச்சொல்லின் விளக்கக் குறிப்பே, எந்த மென்பொருள் என்பதையும் இன்னொரு குறிச்சொல்லாகச் சேர்க்கச் சொல்கிறது. அந்தக் குறிப்பு, சொல்லைத் தட்டச்சு செய்யும்போதே கீழே ஓரிரு வரிகளில் தெரியும். அதைப் படிக்க ஐந்து வினாடிகூட ஆகாது, படிப்பவர்கள் சிலரே.

சரி, எதை எழுதக்கூடாது? தொடக்கநிலை, சிறந்த வழிமுறை, கருத்து சார்ந்தது போன்ற சொற்கள் ஒரு காலத்தில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஏராளமாகப் புழங்கின. இவை கேள்வியின் பொருளைச் சொல்லாமல் கேட்பவரைப் பற்றியோ கேள்வியின் தன்மையைப் பற்றியோ சொல்பவை. 2010இல் ஜெஃப் அட்வுட் இவற்றுக்கு முடிவுகட்டுவதாக அறிவித்தபோது வைத்த அளவுகோல் எளிமையானது: ஒரு கேள்விக்கு இந்த ஒரே சொல்தான் குறிச்சொல் என்றால், கேள்வி எதைப் பற்றியது என்று புரியுமா? பைத்தான் என்று மட்டும் இருந்தால் புரியும். தொடக்கநிலை என்று மட்டும் இருந்தால் புரியாது. ஒருவருக்குத் தொடக்கம் என்பது மற்றவருக்கு நடுநிலை. வீட்டுப்பாடம் என்ற குறிச்சொல் இதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்து 2012இல் கைவிடப்பட்டது. மாணவர்கள் மீது ஒரு முத்திரை குத்துவதைத் தவிர அது செய்த வேலை எதுவுமில்லை என்பதால், அது போனதில் இழப்பும் இல்லை.

‘நீளம்’, ‘எழுத்து’, ‘பிழை’ ஆகியவை இதைவிடக் குறைந்த குற்றவாளிகள். இவை பொருளைச் சொல்கின்றன, ஆனால் யாருடைய பொருளும் இல்லை. பிழை பற்றித் தமக்குத் தனி அறிவு இருப்பதாகச் சொல்லிக்கொண்டு எவரும் அந்தச் சொல்லைப் பின்தொடர்வதில்லை. ‘தமிழ்’ என்பதன் நிலை சற்றே வேறு. தமிழ் எழுத்துருவின் சேர்க்கை விதிகளையோ, தமிழ் 99 விசைப்பலகையையோ பற்றிய கேள்வியானால் அந்தச் சொல்லுக்கு இடம் உண்டு. சொல்லின் நீளம் பற்றிய கேள்வியிலோ தமிழ் வெறும் எடுத்துக்காட்டு. இந்தியிலும் தாய் மொழியிலும் கெமர் மொழியிலும் இதே சிக்கல் இதே காரணத்தால் வருகிறது. அதைத் தீர்க்கத் தெரிந்தவருக்குத் தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாமல் இருக்கலாம். அவரை அடைய வழி ‘யூனிகோடு’ மட்டுமே.

அப்படியானால், காரணம் தெரியாத நிலையில் அந்தச் சொல்லைக் கண்டுபிடிப்பது எப்படி? கேள்வியில் பங்கேற்கும் பொருள்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பதைத் தவிர வேறு நம்பகமான வழி இருப்பதாகத் தெரியவில்லை. ஒருவர் பைத்தானின் பாண்டாஸ் தொகுப்பைக் கொண்டு தமிழ்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றை, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி கோப்பாக எழுதி, விண்டோஸ் கணினியில் எக்செல்லில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர்களுக்குப் பதிலாகக் குப்பை தெரிகிறது: தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில ‘ஏ’, அதன் பக்கத்தில் வணிகப் பதிவுச் சின்னமான வட்டத்துக்குள் ‘ஆர்’ அல்லது ஒரு மேற்கோடு, பிறகு ஏதோ ஒரு குறி, மறுபடியும் அதே ‘ஏ’. பாண்டாஸ், பைத்தான், சிஎஸ்வி, விண்டோஸ், தமிழ் என்று ஐந்து இடத்தையும் நிரப்ப அவர் கை நீள்கிறது. அதற்கு முன்பு அதே கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தால், பெயர்கள் சரியாக இருக்கின்றன. அங்கேயே பாண்டாஸ் குற்றத்திலிருந்து விடுபட்டுவிடுகிறது. கோப்பு நன்றாக இருக்கிறது. எக்செல்தான் அதை யூடிஎஃப்-8 என்று அறியாமல் பழைய மேற்கத்தியக் குறியேற்றத்தில் படிக்கிறது. தமிழின் ஒவ்வோர் இடத்துக்குமான மூன்று பைட்டுகளில் முதலாவது எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. ஆகவேதான் குப்பைக்குள் அந்த ஒழுங்கு தெரிகிறது. இப்போது எழுத வேண்டிய சொற்கள் எக்செல், சிஎஸ்வி, யூடிஎஃப்-8. பைத்தான் வேண்டுமா என்பது, தீர்வை அவர் எங்கே செய்ய விரும்புகிறார் என்பதைப் பொறுத்தது. கோப்பை எழுதும்போதே அதன் தொடக்கத்தில், அது யூடிஎஃப்-8 என்று காட்டும் பைட் வரிசை அடையாளத்தைச் சேர்த்துவிட்டால் எக்செல் புரிந்துகொள்ளும். அதைப் பைத்தானில் செய்ய வேண்டும் என்றால் அந்தச் சொல்லும் இருக்கலாம். எக்செல்லின் இறக்குமதி வழியிலேயே சரிசெய்துகொள்வார் என்றால் தேவையில்லை.

இப்படிக் கழித்துப் பார்ப்பவர்களில் கணிசமானோருக்குக் கேள்வி கேட்கவே தேவையில்லாமல் போய்விடும் என்பது இந்த முறையின் ஒரு பக்கவிளைவு.

சொல் கிடைத்த பிறகு அதன் வடிவத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்டின் சுருக்கமாக ‘ஜேஎஸ்’ என்று எழுதினாலும், ஒருபொருட்சொல் பட்டியல் அதை முழுப் பெயராக மாற்றிவிடும். புதிதாக ஒரு குறிச்சொல்லை உருவாக்க ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 1500 நற்பெயர்ப் புள்ளிகள் வேண்டும். புதியவர்களுக்கு இது கதவடைப்பாகத் தோன்றலாம். ஆனால் எவரும் பின்தொடராத சொல்லை உருவாக்கி அதன் கீழ் கேள்வியைப் போடுவது ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டுவதற்குச் சமம் என்பதால், அந்தத் தடை புதியவருக்கே நன்மை செய்கிறது. தவறாக இட்டுவிட்டாலும் அனுபவமுள்ளவர்கள் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொண்டு பழைய சொற்களைத் திரும்பப் போடுபவர்களும் இருக்கிறார்கள், பாவம்.

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டவருக்கும் அந்தத் திருத்தம்தான் நேரும். யாரோ ஒருவர் வந்து தமிழ், நீளம், எழுத்து, பிழை ஆகிய நான்கையும் எடுத்துவிட்டு, பைத்தானோடு யூனிகோடைச் சேர்ப்பார். அந்த இரண்டு சொற்களின் கீழ் முன்னரே கேட்கப்பட்டவற்றைத் தேடினால், தேவநாகரிச் சொல் ஒன்றின் நீளம் ஏன் கூடுதலாக வருகிறது என்று கேட்பவை எதிர்ப்படும். விடையில், எழுத்துக் கொத்துகளை எண்ணத் தெரிந்த ‘ரீஜெக்ஸ்’ என்ற வெளித்தொகுப்பை நிறுவி, ஒரே வரியில் எண்ணும் வழி இருக்கும். அந்த வரியிலுள்ள இந்திச் சொல்லை அழித்துவிட்டு ‘தமிழ்’ என்று எழுதி ஓட்டினால், திரையில் 3 என்று வருகிறது.